வராந்தாவில் பெரட்டு

குன்னூரிலோ கோத்தகிரியிலோ கண்ணாடி அடைத்த வராந்தா உள்ள வீடாகப் பார்த்து எட்டிப் பாருங்கள். மண் தொட்டிகளிலும் பழைய பிஸ்கட் டின்களிலும், பாதி உடம்பு மண்ணுக்கு வெளியே தெரிய, அமரில்லிஸ் பூச்செடியின் கிழங்குகள் வரிசையாக உட்கார்ந்திருக்கும். அவற்றின் எதிரே மப்ளர் சுற்றிய ஒருவர் குனிந்து நின்று முறைத்துக்கொண்டிருந்தால், அவர்தான் நம் அமரில்லிஸ்காரர்.

பெரும்பாலும் எஸ்டேட்டில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பஸ் கண்டக்டர் இல்லை. தேயிலைக் காட்டில் ஆட்களை வேலை வாங்குகிறவர். முப்பது வருஷம் விடிந்தும் விடியாமலும் பெரட்டுக் களத்தில், அதாவது காலை ஆள் கணக்கெடுக்கும் இடத்தில், நின்று ஆள் எண்ணிய மனிதருக்கு, ஓய்வு பெற்ற மறுநாள் எண்ண யாருமில்லை. வீட்டில் மனைவியை எண்ணினால் ஒன்றோடு முடிந்துவிடுகிறது. ஆகவே தொட்டிகள்.

காலை ஆறரைக்குப் பெரட்டு. கையில் எஸ்டேட் வருகைப் பதிவேடான செக்ரோல் மாதிரியே கோடு போட்ட நீள நோட்டு. பூந்தண்டு நீட்டிய கிழங்குக்கு முழுப் பேர், அதாவது முழு நாள் வேலைக் கணக்கு. இலை மட்டும் விட்டதற்கு அரைப் பேர். இரண்டுமே இல்லாமல் சும்மா இருக்கும் கிழங்கின் முன்னால் கொஞ்ச நேரம் நிற்பார். “சோத்துக்கு மட்டும் சரியா வந்துடுற” என்று ஒரு வார்த்தை. அதற்கு மேல் திட்டமாட்டார். யூனியன் இல்லாத தொழிலாளியிடம் அவர் எப்போதும் கண்ணியமாகத்தான் நடந்துகொள்வார்.

அவருக்கு இரண்டு எதிரிகள். ஒன்று, ராத்திரியில் இலையை மேயும் நத்தை. அதற்கு டார்ச் லைட் இருக்கிறது. இன்னொன்று, பக்கத்து வீட்டுக்காரர். நீலகிரியில் பிறந்தவனுக்குக் கிழங்கு என்றாலே உருளைக்கிழங்குதான். கையில் கிடைத்ததை அரை அடி ஆழத்தில் புதைத்து மண்ணை ஏற்றி அணைத்துவிட்டுத்தான் மறுவேலை. அமரில்லிஸ் அப்படிப் புதைத்தால் அழுகிப் போகும். கழுத்தும் தோளும் வெளியே தெரிய வேண்டும். தொட்டியும் கிழங்கைவிட ஒரு விரல் அகலம் கூடுதலாக இருந்தால் போதும். தாராளமான தொட்டியில் வேர்தான் ஓடுமே தவிரப் பூ வராது. மண்ணிலும் விஷயம் இருக்கிறது. தேயிலைக்குப் பிடித்த புளிப்பு மண் இதற்கு ஒத்துவராது. எஸ்டேட்டில் மூட்டை மூட்டையாக டோலமைட் போட்ட அனுபவசாலி, இங்கே ஒரு டீஸ்பூனால் அளந்து போடுகிறார். இதையெல்லாம் வேலிக்கு இந்தப்பக்கம் நின்று முக்கால் மணி நேரம் விளக்குவார். பக்கத்து வீட்டு அடுப்பில் பால் பொங்கி வழியும் வாசனை வந்தாலும் நிறுத்தமாட்டார்.

பூத்து முடிந்ததும் தண்டை மட்டும்தான் வெட்ட வேண்டும். “இலையை வெட்டாதே, அடுத்த வருஷத்துப் பூவை அதுதான் சமைக்குது” என்பார். ஒருமுறை மருமகன் உதவி செய்கிறேன் பேர்வழி என்று ஆறு தொட்டிகளில் இலையைச் சுத்தமாகக் கவாத்து செய்துவிட்டான். இன்றுவரை அந்த வீட்டில் அவனுக்குக் காபிதான், டிபன் கிடையாது.

குன்னூரில் இவர் படும் பாடு ஊட்டிக்காரருக்குப் புரியாது. கிழங்கு ஓய்வெடுக்க வேண்டிய ஐப்பசி கார்த்திகையில்தான் வடகிழக்குப் பருவமழை இங்கே கொட்டும். கல்லாறு பக்கம் மண் சரிந்து மலை ரயில் நிற்கிற மழை. தண்ணீரே காட்டக்கூடாத நேரத்தில் வானம் ஊற்றினால் என்ன செய்வது? அத்தனை தொட்டியும் மாடிப்படிக்கு அடியில் போகும். வெளிநாடுகளில் கிழங்கை எட்டு பத்து வாரம் 13 டிகிரிக்குக் கீழே வைக்க இடம் தேடி அலைகிறார்கள். குன்னூரில் மாடிப்படிக்கு அடியிலேயே ஓரளவு குளிர் இனாம். மண் மாற்ற எடுத்த சில கிழங்குகள் செய்தித்தாளில் சுற்றிச் சமையலறைப் பரணுக்குப் போகும். அங்கேதான் வெங்காயக் கூடையும் இருக்கிறது. ஒரு நாள் வீட்டம்மா இருட்டில் கைவிட்டு எடுத்து அரிவாள்மனையில் வைத்துவிட்டார். ஐயா அலறிய அலறலில் ஒரு குடும்பம் தப்பித்தது. கிழங்கில் லைகோரின் என்ற நஞ்சு உண்டு. தின்றால் வாந்தி நிற்காது. “சாம்பார் போனாப் போகுது, என் கிழங்குக்கு ஏதும் ஆச்சா?” என்றுதான் அவர் கேட்டார் என்று அம்மா இப்போதும் சொல்கிறார்.

வசந்தத்தில் தண்டு கிளம்பியதும் அவர் மனம் ஊட்டி மலர்க் கண்காட்சிக்குப் போய்விடும். தோட்டக்கலைஞர் மெக்கைவர் 1848-இல் உருவாக்கத் தொடங்கிய தாவரவியல் பூங்காவில், தொட்டிச் செடிப் பிரிவில், ஒரு சான்றிதழ். வேறெதுவும் வேண்டாம். ஆனால் கண்காட்சி 2023-இல் மே 19, 2024-இல் மே 10, 2025-இல் மே 15 என்று ஒவ்வொரு வருஷமும் ஒரு தேதியில் தொடங்குகிறது. “அரசாணை போடுறவங்களுக்குத் தெரியும், கிழங்குக்குத் தெரியுமா?” என்பது அவர் நியாயம். ஏப்ரல் கடைசியில் மொட்டு முந்தினால் தொட்டி குளிர்ந்த குளியலறைக்குப் போகும். பிந்தினால் அடுப்பங்கரைக்கு வரும். அந்த இரண்டு வாரம் அந்த வீட்டில் யாரும் நினைத்த நேரத்தில் குளிக்க முடியாது. இத்தனைக்குப் பிறகும் பூ, கண்காட்சி தொடங்க நான்கு நாள் இருக்கும்போது விரிந்து, தொடங்குகிற அன்று தலை தொங்கும்.

தோல்வியைப் பற்றிப் பேசமாட்டார். ஜான்சனைப் பற்றிப் பேசுவார். பிரேசில், பெரு பக்கத்துக் காடுகளிலிருந்து வந்த இந்தச் செடியில் முதன்முதலாக கலப்பு மகரந்தம் சேர்த்துப் புது ரகம் எடுத்தவர், 1799-இல், இங்கிலாந்தின் பிரெஸ்காட் ஊரைச் சேர்ந்த ஆர்தர் ஜான்சன். தொழில் கடிகாரம் செய்வது. “கடியாரக்காரனாலேயே முடிஞ்சிருக்கு, கண்டக்டரால முடியாதா?” விதை போட்டால் பூக்க மூன்று நான்கு வருஷம் ஆகும் என்பதை அந்த இடத்தில் யாரும் நினைவுபடுத்துவதில்லை.

எல்லாம் தருவார். யோசனை தருவார், டீ தருவார், மழைக்குக் குடை தருவார். கிழங்கு மட்டும் தரமாட்டார். தாய்க்கிழங்கின் இடுப்பில் மூன்று குட்டி ஒட்டியிருப்பது நம் கண்ணுக்கே தெரியும்.

“சார், அதுல ஒண்ணு...”

“அது இன்னும் பால் குடி மறக்கலீங்க. அடுத்த வருஷம் பாக்கலாம்.”

அடுத்த வருஷமும் அது பால் குடிக்கும்.

வேண்டுமென்றால் ஒரு வழி இருக்கிறது. தை மாதம் அவர் தொட்டி மாற்றுகிற நாளில் போய், மண்ணைச் சலித்துக் கொடுங்கள். ஜான்சன் கதையை முதல்முறை கேட்பது போலக் கேளுங்கள். கிளம்பும்போது முன்வாசல் வழியாக வராமல் சமையலறைப் பக்கமாக வாருங்கள். அம்மா செய்தித்தாளில் சுற்றி ஒன்றை நீட்டுவார். ஆனால் மறுநாள் காலைப் பெரட்டில் ஆள் குறையும். ஒரு வாரத்துக்கு அந்தத் தெருப்பக்கம் போகாதீர்கள்.