நனையாத புகழ்

டைவ் வாட்ச் கட்டிக்கொள்ள உலகத்திலேயே தோதான இடம் எது என்று கேட்டால், மாலத்தீவு என்பார்கள், அந்தமான் என்பார்கள். விவரம் போதாதவர்கள். அருப்புக்கோட்டையில் பஸ் ஏறி, திருச்சுழி வழியாக நரிக்குடி வரைக்கும் ஒருமுறை ஜன்னலோரம் உட்கார்ந்து போய்வந்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள். கடலில் இறங்குகிற கடிகாரத்தில் என்றைக்காவது ஒருநாள் தண்ணீர் புகுந்துவிடும். எங்கள் பக்கத்தில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. புகுவதற்குத் தண்ணீர் வேண்டுமே.

நான் புகழ வந்தது பல லட்சத்துக்கு விலைபோகிற சுவிஸ் சரக்கை அல்ல. 1953இல் ரோலெக்ஸ் சப்மரைனரும் பிளாங்பேன் ஃபிஃப்டி ஃபேதம்ஸும் தொடங்கிவைத்த வம்சத்தின் ஏழைப் பங்காளியை. சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிற குவார்ட்ஸ் டைவ் வாட்சை. அந்தக் கூட்டத்திலும் பேர்பெற்றது கேசியோவின் எம்டிவி-106. டியூரோ என்று செல்லப்பெயர். கறுப்பு முகம், சுற்றிலும் திருகுகிற வளையம், முகத்தின் கீழ்ப்பாதியில் ஈட்டிபோல் மூக்கு நீண்ட மார்லின் மீன். 44 மில்லிமீட்டர் அகலம், 12 மில்லிமீட்டர் கனம். முழுக்கைச் சட்டைக்குப் பொத்தான் போட விடாது. போட்டால்தான் வாட்ச் தெரியாதே, அதனால் அதுவும் ஒரு வசதி. பில் கேட்ஸ் இதைக் கட்டியிருந்ததைப் படம் பிடித்து உலகமே வியந்தது. அவர் கையில் இருந்தால் எளிமை, நம் கையில் இருந்தால் கெத்து. ஒரே பொருள் ஆளுக்குத் தகுந்தபடி இரண்டு விதமான நல்ல பெயர் வாங்கித் தருவது லேசான காரியமா?

இதன் முதல் சிறப்பு, 200 மீட்டர் வரை தண்ணீர் புகாது என்பது. இந்த அளவின் அருமையை அறிய எங்கள் ஊர்க் கணக்கில் பார்க்க வேண்டும். இந்தக் கரிசல் காட்டில் ஆண்டுக்குச் சுமார் 800 மில்லிமீட்டர் மழை பெய்கிறது, அதாவது பெய்தால். அதில் ஒரு சொட்டும் ஆவியாகாமல், மண் குடிக்காமல், ஓடிப்போகாமல் அப்படியே நின்றது என்று வைத்துக்கொள்வோம். 200 மீட்டர் ஆழம் சேர 250 ஆண்டு ஆகும். வாட்சின் செல் மூன்று வருஷம் வரும். ஆகவே எண்பதுக்கு மேல் செல் மாற்றிக்கொண்டு பொறுமையாகக் காத்திருந்தால், நம் வாட்சுக்கு உரிய ஆழம் அருப்புக்கோட்டைக்கே நடந்து வரும்.

அவசரக்காரர்களுக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. 200 மீட்டர் என்பது 656 அடி. அந்த ஆழத்துக்கு எங்கள் பக்கத்தில் அடிக்கடி இறங்குகிறவர் ஒருவர் உண்டு. போர்வெல் வண்டியின் பிட்டுதான் அவர். பாறையைப் பொடித்துக்கொண்டு இறங்குவார், வெள்ளைப் புழுதியோடு திரும்பி வருவார், காட்டுக்காரர் தலையில் கை வைப்பார். டைவ் வாட்சை அவருக்குத்தான் கட்டிவிட வேண்டும். அவருக்கு மணிக்கட்டு இல்லை என்ற ஒரே காரணத்தால் அந்த மரியாதை நமக்கு வந்து சேர்ந்தது.

வாட்ச் கடையில் இந்த நுட்பம் புரிந்தவர்கள் இருக்கிறார்கள்.

"அண்ணாச்சி, இதத் தண்ணிக்குள்ள கட்டிட்டுப் போலாமா?"

"தாராளமாப் போலாம் தம்பி. எரநூறு மீட்டர் கேரண்டி."

"இங்க எங்க அண்ணாச்சி எரநூறு மீட்டர் தண்ணி கெடக்கு?"

"அந்தத் தைரியத்துலதான தம்பி கேரண்டியே குடுக்குறேன்."

வியாபாரத்தில் இதைவிட நேர்மையான பேச்சு ஏது?

வெளிநாட்டில் வீண் சந்தேகக்காரர்கள் சிலர் ஐ.எஸ்.ஓ. 6425 என்று ஒரு தரவிதி எழுதி வைத்திருக்கிறார்கள். முகப்பில் 'டைவர்ஸ்' என்று போட்டுக்கொள்ள ஆசைப்படும் வாட்ச் ஒவ்வொன்றையும், சொன்ன ஆழத்தைவிட 25 சதவீதம் கூடுதலான அழுத்தத்தில் சோதிக்க வேண்டுமாம். இருட்டில் 25 சென்டிமீட்டர் தூரத்திலிருந்து மணி தெரிய வேண்டுமாம். நம் மலிவு வாட்சுகள் பலவும் அந்தச் சொல்லைப் போட்டுக்கொள்ளாமல் மீட்டர் கணக்கை மட்டும் போட்டுக்கொள்கின்றன. அடக்கம்தான் காரணம். அந்த மீட்டர் கணக்கும் பத்திரமாகவே இருக்கிறது, முதல் செல் தீர்கிற வரைக்கும். தீர்ந்ததும் பஸ் ஸ்டாண்டு ஓரத்துக் கடையில் கொடுக்கிறோம். முதுகு மூடியைத் திறந்து, செல்லை மாற்றி, ஓரத்து ரப்பர் வளையம் நெளிந்திருக்கிறதா என்று பார்க்காமல், அதற்கு ஒரு பொட்டு கிரீஸ் தடவாமல், திரும்ப மூடித் தருகிறார்கள். இரண்டே நிமிடம். பெரிய ஊர்களில் இதன்பிறகு அழுத்தக் கருவியில் வைத்துச் சோதித்துத் தருவார்கள். காசும் நேரமும் விரயம். இங்கே 200 மீட்டர் வாட்ச் அந்த இரண்டு நிமிடத்தில் கைகழுவும்போதே கழற்றி வைக்க வேண்டிய வாட்ச் ஆகிவிடுகிறது. ஆனால் முகப்பில் எழுத்து அப்படியே இருக்கும். எழுத்துத்தானே முக்கியம்?

அடுத்தது அந்த வளையம். முங்குகிறவர் இறங்கும்போது அதன் புள்ளியை நிமிட முள்ளுக்கு நேராகத் திருகி வைப்பார். எத்தனை நிமிடம் போயிற்று, சிலிண்டரில் காற்று எவ்வளவு மிச்சமிருக்கும் என்று அதைப் பார்த்துத் தெரிந்துகொள்வார். வளையம் ஒரே பக்கமாகத்தான் திரும்பும். தெரியாமல் எங்காவது இடித்துத் திரும்பினாலும், போன நேரத்தைக் கூட்டிக் காட்டுமே தவிரக் குறைத்துக் காட்டாது. ஆள் முன்கூட்டியே மேலே வந்து பிழைத்துக்கொள்வார். உயிர் காக்கும் யோசனை. எங்களுக்கு இது தண்ணீருக்கு மேலேயே உதவுகிறது. அருப்புக்கோட்டைக்குத் தாமிரபரணியும் வைகையும் குழாய்க்குள் படுத்துக்கொண்டு வரவேண்டும். தண்ணீர் விடுகிற முறை வரும்போதுதான் குழாயில் காற்று நிற்கும். அன்றைக்கு வளையத்தைத் திருகி வைத்துக்கொண்டு குடம் நிரப்பலாம். என்ன, வளையத்தில் 60 நிமிடத்துக்குத்தான் கோடு இருக்கிறது. அடுத்த முறை எப்போது வரும் என்று கணக்கிட நாள் கோடும் வாரக் கோடும் போட்டிருக்கலாம். ஜப்பான்காரனுக்கு எங்கள் வார்டு தெரியாது.

வளையம் ஒரே பக்கம் திரும்புகிற தத்துவத்தை அரசாங்கமும் எடுத்துக்கொண்டிருக்கிறது. காவிரி-வைகை-குண்டாறு இணைப்புக் கால்வாய்க்கு 2021 பிப்ரவரி 21 அன்று விராலிமலைப் பக்கம் குன்னத்தூரில் அடிக்கல் வைத்தார்கள். கட்டளைக் கதவணையில் தொடங்கி 262 கிலோமீட்டர் வந்து எங்கள் பக்கத்துக் குண்டாற்றில் சேர வேண்டும். வினாடிக்கு 6,300 கன அடி வெள்ளநீர் என்று திட்டம். குண்டாறு தன் பங்குக்குப் படுகையைக் காயப்போட்டுத் தயாராக வைத்திருக்கிறது. முடிகிற தேதி மட்டும் நம் வாட்ச் வளையத்தைப் போலவே. யார் இடித்தாலும் ஒரே பக்கமாகத்தான் நகரும்.

குவார்ட்ஸின் பெருமையைச் சொல்லாமல் விட்டால் பாவம். உள்ளே இருப்பது ஒரு சின்னப் படிகம். செல்லின் மின்சாரம் பட்டதும் வினாடிக்கு 32,768 தடவை அதிர்கிறது. இரண்டை இரண்டால் பெருக்கிக்கொண்டே போனால் பதினைந்தாம் படியில் வருகிற எண் அது. உள்ளிருக்கும் சுற்று அதைப் பாதி பாதியாகக் குறைத்து, வினாடிக்கு ஒரு துடிப்பாக்கி முள்ளை நகர்த்துகிறது. 1969 கிறிஸ்துமஸ் அன்று செய்கோ வெளியிட்ட முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்துக்கு ஒரு கார் விலை சொன்னார்கள். இன்றைக்குச் சில ஆயிரத்துக்கு, மாதத்தில் அரை நிமிடம்கூடத் தவறாத நேரம். எங்கள் ஊர் பஸ்ஸுகள் எத்தனை நிமிடம் தாமதம் என்பதை இவ்வளவு துல்லியமாகத் தெரிந்துகொள்ள முந்தின தலைமுறைக்குக் கொடுத்துவைக்கவில்லை.

அந்தப் படிகம் என்ன சரக்கு தெரியுமா? சிலிக்கா. ஆலையில் வளர்த்தெடுத்தாலும், ஆற்று மணலுக்கு உடன்பிறப்பு. குண்டாற்றில் மணல் கிடந்த காலத்தில் அது மழையைப் பிடித்துவைத்தது. கையால் ஊற்றுத் தோண்டினாலே தண்ணீர் சுரக்கும் என்று கிழவிகள் சொல்வார்கள். பிற்பாடு அது லாரியேறி மாடி வீடானது. மிச்சத்தில் ஒரு துணுக்காவது ஊர்க்காரன் மணிக்கட்டில் இருக்கட்டும் என்று ஜப்பான்காரன் அனுப்பிவைக்கிறான். ஆற்றுக்கு நினைவுச்சின்னம் எழுப்பவில்லை என்று இனி யாரும் குறை சொல்ல முடியாது.

முங்குவதைப் பற்றித் திருச்சுழிக்காரர்களுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியதும் இல்லை. 1879 டிசம்பர் 30 அன்று இந்த ஊரில் பிறந்த வேங்கடராமன், பின்னாளில் ரமண மகரிஷி, 'நான் யார்?' நூலில் முத்துக் குளிப்பவர்களை உவமை சொல்லியிருக்கிறார். அவர்கள் இடுப்பில் கல்லைக் கட்டிக்கொண்டு மூழ்குவதைப்போல, வைராக்கியத்தோடு தனக்குள் மூழ்க வேண்டுமாம். பாவம், அவர் கல்லோடு நின்றுவிட்டார். நாமும் கல்லைத்தான் கட்டியிருக்கிறோம், குவார்ட்ஸும் கல்தானே. இடுப்புக்குப் பதில் மணிக்கட்டில் கட்டினோம், மூழ்குகிற வேலையை மட்டும் விட்டுவிட்டோம். அவருக்குத் தோன்றாத சுருக்குவழி.

கமுதியைத் தாண்டிக் கிழக்கே போனால் மன்னார் வளைகுடா. கீழக்கரைப் பக்கம் சங்கு குளிக்கிறவர்களும், பாம்பன் பக்கம் கடற்பாசி எடுக்கிற பெண்களும் இருக்கிறார்கள். சேலைக்கு மேலே ஆம்பளைச் சட்டை, கண்ணுக்குக் கண்ணாடி, பாறை கிழிக்காமல் இருக்க விரலில் துணிச் சுற்று. மூச்சை அடக்கிக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள். நேரம் ஆயிற்று என்று அவர்களுக்கு நெஞ்சு சொல்லிவிடுகிறது. கையில் டைவ் வாட்ச் கிடையாது. கடலில் இறங்குகிறவர்களிடம் அது இல்லாமலும், கண்மாய் காய்ந்த ஊரில் அது தாராளமாகவும் இருப்பதைச் சந்தையின் கோளாறு என்று பொருளாதாரம் படித்தவர்கள் சொல்லக்கூடும். பகட்டுக்கு என்ன தேவைக் கணக்கு?

கைக்கடிகாரத்துக்கும் அருப்புக்கோட்டைக்கும் உள்ள பந்தம் நேற்று வந்ததல்ல. 1977இல் எம்.ஜி.ஆரைச் சட்டமன்றத்துக்கு அனுப்பி முதலமைச்சராக்கிய தொகுதி இது. அவர் மறைந்தது 1987 டிசம்பர் 24இல். மெரினாவில் அவர் சமாதிக் கல்லில் காதை வைத்து, உள்ளே வாட்ச் ஓடுகிற சத்தம் கேட்கிறது என்று சொல்லிப் பூரித்தவர்கள் எத்தனையோ பேர். செல்லும் மாற்றாமல் சாவியும் கொடுக்காமல் ஓடுகிற வாட்ச் அது ஒன்றுதான். டியூரோ அந்தத் தரத்துக்கு இன்னும் வரவில்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் நம்பிக்கை வகையில் இரண்டும் ஒன்றே: இரண்டையும் திறந்து பார்க்கக் கூடாது.

சொல்ல வந்த சூட்சுமம் அதுதான். சோதிக்கிறவன் இல்லாத இடத்தில்தான் பெருமை கெடாமல் இருக்கும். வாட்ச் முகத்தில் 200 மீட்டர், கால்வாய்த் திட்டத்தில் 6,300 கன அடி, கண்மாய்க் கரைப் பலகையில் இத்தனை மில்லியன் கன அடி கொள்ளளவு. மூன்றுமே எழுத்தளவில் குறையே இல்லாதவை. பலகைக்குப் பின்னால் பார்த்தால் சீமைக்கருவேலம் நிற்கும். 2017இல் அதை வெட்டச் சொல்லி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. அதே ஆண்டில் அந்த வேலைக்குத் தடையும் வந்தது. மரத்துக்கு இரண்டும் ஒத்துக்கொண்டது. கரிமூட்டம் போடுகிறவர்களுக்கு அது சோறு போடுகிறது. அவர்களைக் குறை சொல்ல நாக்கு வரவில்லை. கண்மாயில் நெல்லுக்குத் தண்ணீர் விட்டிருந்தால் அவர்கள் ஏன் புகையில் நிற்கப் போகிறார்கள் என்று கேட்பது அதிகப்பிரசங்கித்தனம்.

தண்ணீர் காணாமல் போவதற்குத் திருச்சுழித் தலபுராணத்திலும் ஆதாரம் இருக்கிறது. ஒரு காலத்தில் பிரளய வெள்ளம் ஊரைச் சூழ்ந்ததாம். இறைவன் சூலத்தால் பூமியில் துளையிட, வெள்ளம் சுழித்துக்கொண்டு அதற்குள் இறங்கிவிட்டதாம். ஊர் பிழைத்தது. அந்தத் துளையை அடைக்கச் சொல்லி யாரும் மனுக் கொடுக்கவில்லை போலிருக்கிறது. அன்றிலிருந்து வருகிற தண்ணீரெல்லாம் அதே வழியில்தான் போகிறது என்று அதிகாரிகள் இனிமேல் தாராளமாகச் சொல்லிக்கொள்ளலாம்.

ஆகவே தயங்காமல் வாங்குங்கள். வளையத்தின் இடுக்கில் கரிசல் புழுதி அடைத்தால் பழைய பல் பிரஷ்ஷால் தட்டுங்கள். பட்டையில் வியர்வை உப்பு வெள்ளையாகப் பூத்தால் துடையுங்கள். கடலில் இறங்கிவந்த உப்பு என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். ஐப்பசி கார்த்திகையில் மட்டும் கொஞ்சம் ஜாக்கிரதை. தப்பித்தவறி அடைமழை பிடித்து, கண்மாய் நிறைந்து மறுகால் பாய்ந்தால், பொடியன்கள் குதித்துக்கொண்டே, "மாமா, நீங்களும் வாங்க" என்று கூப்பிடுவார்கள். உடனே வாட்சைக் கழற்றிக் கரையில் சட்டைக்குள் சுருட்டி வைத்துவிட்டு இறங்குங்கள். கழுத்தளவுத் தண்ணீரில் 200 மீட்டர்ப் புகழைப் பணயம் வைக்கலாமா? அந்தச் சங்கடம் அடிக்கடி நேராதபடி, வரத்துக்காலை மறித்து பிளாட் போட்டவர்களும், மடையைத் தூர்ந்துபோக விட்டவர்களும், பலகைக்கு மட்டும் வருஷாவருஷம் பெயின்ட் அடிக்கிறவர்களும் அல்லும் பகலும் உழைத்துவருகிறார்கள். எங்கள் வாட்சுகள் இன்றுவரை நனையாமல் இருப்பது அவர்கள் போட்ட பிச்சை.