ஓவர் அண்ணாச்சி

கயத்தாற்றில் ஒருவர் உங்கள் வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே அண்ணாந்து மொட்டை மாடியைப் பார்த்தால் அவர் ஓவர் அண்ணாச்சியாகத்தான் இருக்க வேண்டும். கல்யாணத்துக்கு அழைக்க வந்திருந்தாலும் சரி, துஷ்டி கேட்க வந்திருந்தாலும் சரி, முதல் கேள்வி ஒன்றுதான்: "மாடி எத்தனை அடி உசரம் இருக்கும்வே?"

மகனுக்குப் பெண் பார்க்கப் போன இடத்திலும் இதையே கேட்டார். பெண் என்ன படித்திருக்கிறாள் என்று மதினி கூடத்தில் விசாரித்துக்கொண்டிருக்க, அண்ணாச்சி பெண்ணின் தகப்பனாரோடு தண்ணீர்த் தொட்டிமேல் நின்றிருந்தார். இறங்கி வந்து, "நல்ல இடம். தெக்க மறைப்பே இல்ல" என்றார். பெண் வீட்டார் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு பூ வைத்துவிட்டார்கள்.

எந்தப் பேச்சையும் வயர்லெஸ்காரர்கள் மாதிரி 'ஓவர்' போட்டுத்தான் முடிப்பார். சாப்பிட உட்கார்ந்தால், "கொஞ்சம் ரசம் ஊத்து, ஓவர்." மதினி கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே சொல்வார்: "இந்த வீட்ல எல்லாமே ஓவராத்தான் இருக்கு."

இந்த மாதிரி ஆள் பெரும்பாலான ஊர்களில் ஒருவராவது உண்டு. பழைய ரேடியோ மெக்கானிக்காக இருப்பார்; போலீஸ் வயர்லெஸ்ஸில் ரிட்டயர் ஆனவராக இருப்பார்; டிவி ஆன்டெனா கட்டிக்கொண்டிருந்து, கேபிள் வந்ததும் கை நமநமத்துப் போனவராக இருப்பார். நம்மவர் காற்றாலையில் ஏறி இறங்கி வேலை பார்த்தவர். வேலை முடிந்ததும், ஏறுவதற்கு ஏதாவது வேண்டுமே என்று, பொழுதுபோக்காக வயர்லெஸ்ஸில் பேசும் ஹாம் ரேடியோவுக்கு வந்தார். மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் வயர்லெஸ் பிரிவு நடத்தும் தேர்வை எழுதி, வியூ-3 என்று தொடங்கும் கால் சைன், அதாவது வயர்லெஸ்ஸில் கூப்பிடும் பேர், வாங்கினார். மகன் கல்யாணப் பத்திரிகையில் சம்பந்தி தன் பெயருக்குப் பின்னால் பி.ஏ., பி.எல். என்று போட்டுக்கொண்டார். அண்ணாச்சி அந்த இடத்தில் கால் சைனைப் போட்டார். முக்கால்வாசிப் பேர் அதை வண்டி நம்பர் என்று நினைத்தார்கள்.

"ராஜீவ் காந்தியும் நம்ம ஆளுதான்வே. வியூ டூ ஆர்ஜி" என்று டீக்கடையில் சொல்லிவைத்தார். அது உண்மைதான், ராஜீவ் காந்தி ஹாம் லைசென்ஸ் வைத்திருந்தவர். ஆனால் அதைக் கேட்டு, அடுத்த தேர்தலுக்குக் கட்சிக்காரர்கள் நன்கொடை ரசீதுப் புத்தகத்தோடு வந்து வாசலில் நின்றார்கள்.

அண்ணாச்சியின் தீராத துக்கம் உயரம். அவர் செட் பேசுகிற அலை நேர்க்கோட்டில் போகிற ஜாதி. பூமி வளைந்தால் அது கூட வளையாது, கொஞ்சம் குனிந்துகொடுக்கும், அவ்வளவுதான். கணக்கு எளிது. ஆன்டெனா எத்தனை மீட்டர் உயரம் என்று பார்த்து, வர்க்கமூலம் எடுத்து, நாலால் பெருக்கினால் எத்தனை கிலோமீட்டர் போகும் என்று ஏறக்குறைய வந்துவிடும். அண்ணாச்சியின் மாடிக் குழாய் 9 மீட்டர். ஆக 12 கிலோமீட்டர். எதிரே கையில் செட்டோடு நிற்பவரின் பங்கு ஓர் ஐந்து. மொத்தம் 17. கோவில்பட்டியோ இருபதுக்கும் மேலே. அதனால் கோவில்பட்டிக்குப் போகிற கூட்டாளியின் குரல் இடைசெவல் பக்கம் போனதும் கரகரக்கும். நாலாட்டின்புத்தூர் தாண்டினால் அவுட்.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், தமிழ்நாட்டிலேயே உயரத்துக்குப் பஞ்சமில்லாத ஊர் கயத்தாறு. தேசியக் காற்றாற்றல் நிறுவனம் காற்றாலைகளைச் சோதித்துப் பார்க்கும் நிலையமே இங்கேதான் இருக்கிறது. நாலு வழிச் சாலையில் போகிற யாரும் பார்க்கலாம், கரிசல் காடு முழுக்கக் காத்தாடி. புதிய காத்தாடிகள் 80 மீட்டருக்கும் குறையாமல் நிற்கின்றன. அதில் ஒன்றின் தலையில் ஆன்டெனா வைத்தால், எதிரே நிற்பவரின் பங்கையும் சேர்த்து 40 கிலோமீட்டர். கோவில்பட்டியும் திருநெல்வேலியும் ஒரே வீச்சில் கைக்குள் வந்துவிடும். வாழ்நாளெல்லாம் அதன் உச்சியில் ஏறி இறங்கியவர், இப்போது வேலிக்கு வெளியே நின்று பார்க்கிறார். "ஒரு ஓரமா ஒரு குழாய் கட்டிக்கிடுதேன்னா விட மாட்டேங்கானுவ." கழுகுமலைக்குச் சாமி கும்பிடப் போனாலும் வெட்டுவான் கோயிலையும் சமணச் சிற்பங்களையும் பார்ப்பதில்லை. மலையைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார்: "அம்புட்டு உசரமும் வீணாப் போச்சே."

உயரம் கிடைக்காதவனுக்கு ஒரே வழி ரிப்பீட்டர். டீக்கடையில் அதை விளக்கினார். "நம்ம பெரியாச்சி இருக்காள்லா, அவதாம்வே ரிப்பீட்டர். இந்தக் காதுல வாங்குத அதே நொடில அந்தத் தெருவுக்குச் சொல்லிருவா." ரிப்பீட்டர் ஒரு அலைவரிசையில் கேட்கும்; கேட்கும்போதே இன்னொரு அலைவரிசையில் பலமாகத் திருப்பிச் சொல்லும். அண்ணாச்சி பேசுகிற இரண்டு மீட்டர் பேண்டில் இந்த இரண்டுக்கும் நடுவே வழக்கமாக 600 கிலோஹெர்ட்ஸ்தான் இடைவெளி. இவ்வளவு பக்கத்தில் இருந்தால் தான் கத்துகிற கத்தலில் தன் காதே அடைத்துவிடும். அதற்காக நடுவில் டூப்ளெக்சர் என்று பெரிய பெரிய உலோகக் குவளைகளை வைத்து, போகிற அலையையும் வருகிற அலையையும் பிரிக்க வேண்டும்.

அந்தக் குவளைகளைச் சொந்தமாகச் செய்ய அண்ணாச்சி செப்புக்குழாய் தேடினார். சீர்வரிசையில் வந்த மதினியின் செப்புக்குடம் ஒருநாள் காணாமல் போய், இரண்டாம் நாள் அடி இல்லாமல் கிடைத்தது. ரிப்பீட்டர் வைக்க அரசு அனுமதி தனியாக வாங்க வேண்டும் என்பதால், ஆன்டெனாவுக்குப் பதில் டம்மி லோடு மாட்டி, வீட்டுக்குள்ளேயே சோதனை நடக்கிறது. அலையை வெளியே விடாமல் சூடாக்கித் தீர்த்துவிடும் சாதனம் அது. "எல்லாம் டம்மி. கரண்டு பில்லு மட்டும் அசலு" என்கிறார் மதினி.

கரிசல் மண்ணும் அண்ணாச்சிக்கு ஒத்துவரவில்லை. மாடி போதாது என்று கொல்லையில் ஒரு கம்பம் நட்டார். ஐப்பசி மழையில் மண் ஊதி, பங்குனி வெயிலில் பிளந்து, கம்பம் வருசத்துக்கு ஒரு திசையைக் கும்பிடுகிறது. எர்த் கம்பியைச் சுற்றி மண் வெடித்து விலகிவிட்டால் எர்த் போச்சு. ஆகவே கோடை முழுக்கத் தினம் ஒரு குடம் தண்ணீர் எர்த் குழிக்கு. குடிதண்ணீருக்குத் தெருவே குடத்தை வரிசையில் போட்டுக் காத்திருக்கும் ஊரில், ஒருவர் பூமிக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தால் சண்டை வராமல் என்ன செய்யும்?

இத்தனையும் தாண்டி, ஆன்டெனாமேல் மயில் உட்காரும். ஆடிக் காற்றில் கேபிள் கனெக்டர் தளர்ந்து உள்ளே ஈரம் இறங்கும். அனுப்பிய அலை எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டும் எஸ்டபிள்யூஆர் மீட்டரில் முள் ஒன்றரையில் நின்றால் அண்ணாச்சி முகத்தில் சிரிப்பு. மூன்றைத் தொட்டால் அன்று வீட்டில் யாரும் பேசக்கூடாது.

எல்லாம் சரியாக அமைகிற நாளில் அவர் என்ன பேசுகிறார் என்று கேட்க ஆசையாக இருக்கும். பேச்சு இதுதான்: "கேக்கா?" மறுமுனை: "கேக்கு. உங்களுக்குக் கேக்கா?" "கேக்கு." பிறகு இருவரும் என்ன செட், எத்தனை வாட், என்ன ஆன்டெனா என்று விசாரித்துக்கொள்வார்கள். வெளியூர்க்காரர் யாராவது சிக்கினால், "கட்டபொம்மனைத் தூக்குல போட்டாம்லா வெள்ளைக்காரன், 1799-ல, அந்தக் கயத்தாறு, ஓவர்" என்று ஊர்ப் பெருமை. சிக்னல் எப்படி என்று கேட்டால் மரியாதைக்கு "ஃபைவ் நைன்" என்று முழு மார்க் போடுவார்கள். போட்ட கையோடு, "உங்க பேரு சரியா விழலியே, இன்னொருக்கச் சொல்லுங்க" என்பார்கள். எதுவுமே விழாவிட்டால் அண்ணாச்சி சட்டைப்பையிலிருந்து மொபைலை எடுத்து, "லேய், செட்ல கூப்பிடுதேன், கேக்கா?" என்பார். போன் வேலை செய்யாத காலத்துக்கென்று இருக்கிற கருவியை, போன் இல்லாமல் அவரால் சரிசெய்ய முடிவதில்லை.

அண்ணாச்சியின் புகழ் உச்சிக்குப் போனது ஒரு கோயில் கொடையில். பையன்கள் கூட்டத்தைச் சமாளிக்க ஆன்லைனில் நாலு வாக்கி டாக்கி வாங்கியிருந்தார்கள். பெட்டிமேல் 10 கிலோமீட்டர் என்று அச்சடித்திருந்தது. எதிரெதிர் மலையுச்சியில் இருவர் நின்றால் அது சரி. இங்கே பஸ் ஸ்டாண்டுத் திருப்பத்திலேயே சத்தம் அடங்கிவிட்டது. அண்ணாச்சி முதலில் செட்டைத் திருப்பி அலைவரிசையைப் பார்த்தார். 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரை, குறைந்த பவர் என்றால் லைசென்ஸ் வேண்டாம். விவரம் எதுவும் சொல்லாமல் கண்ட செட்டையும் விற்றதற்காக 2025-ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஆன்லைன் கடைகளுக்கு நோட்டீஸ் அனுப்பியது அவருக்கு மனப்பாடம். "446-தாம்ல. பொழச்சிய" என்றார்.

ஒரு செட்டில் பச்சை விளக்கு எரிகிறது, குரல் மட்டும் இல்லை. டோன் கோளாறு. பேச்சுக்கு அடியில், செட் நம் காதுக்கு விடாத ஒரு முனகலும் சேர்ந்து போகும், 88.5 ஹெர்ட்ஸ் என்று வைத்திருந்தால் அதே முனகல் வந்தால்தான் செட் வாயைத் திறக்கும். நாலையும் ஒரே டோனுக்குக் கொண்டுவந்து, ஆளுக்கொன்றாகக் கொடுத்தார். ஒன்று தர்மகர்த்தாவுக்கு. இன்னொன்று வண்டி நிறுத்தும் இடத்தைப் பார்த்துக்கொண்ட மேலத்தெரு மச்சானுக்கு.

சாமக்கொடை நேரம். நாலு செட்டில் மூன்றில் திடீரென்று ஒரே குரல்: "மேலத்தெரு மச்சான் வரி ஐந்நூறுன்னு எழுதிட்டு முந்நூறுதாம்வே தந்தான். கேட்டா நாளைக்கிங்கான்." தர்மகர்த்தா செட்டை வேட்டி பெல்ட்டில் செருகியிருந்தார், அவருடைய தொப்பை பட்டனை அமுக்கிக்கொண்டிருந்தது. இந்தச் செட்டில் பேசுகிறவருக்கு மற்றவர் குரல் கேட்காது. அவர் பட்டனை விடும்வரை அவரிடம் யாரும் எதுவும் சொல்ல முடியாது. வில்லுப்பாட்டுக்குப் பேசிய தொகை, கிடா வாங்கியதில் மிச்சம் பிடித்தது, எல்லாம் வரிசையாக ஒலிபரப்பானது.

வில்லுப்பாட்டுச் சத்தத்தில் குரல் பிடிபடாத அண்ணாச்சி, இது எவனோ வெளியாள் வேலை, ஜாமிங் என்று முடிவுகட்டினார். பழைய குடைக்கம்பியில் தானே செய்த யாகி ஆன்டெனாவை எடுத்துக்கொண்டு சிக்னல் வரும் திசை பார்த்து நடந்தார். முளைப்பாரி எடுத்து வந்த பெண்கள், ஏதோ தோஷம் பார்க்கிறார் போல என்று வழிவிட்டார்கள். ஆன்டெனா வலப்பக்கம் திரும்பியது, இடப்பக்கம் திரும்பியது, கடைசியில் தர்மகர்த்தாவின் தொப்புளுக்கு நேரே வந்து நின்றது.

"வயித்தை எக்கும்வே, ஓவர்."

மறுநாள் காலையில் மேலத்தெரு மச்சான் பாக்கி இருநூறைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டார். வயர்லெஸ்ஸால் ஊருக்கு வந்த நேரடி வருமானம் இன்றுவரை அந்த இருநூறுதான்.

ஆனால் அண்ணாச்சியைக் கேலி பேசிய வாய்கள் அடைத்துப்போன இரண்டு நாட்களும் உண்டு. 2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை. ஸ்ரீவைகுண்டத்தில் திருச்செந்தூர் எக்ஸ்பிரஸ் நூற்றுக்கணக்கான பயணிகளோடு வெள்ளத்தின் நடுவே நின்றது. தாமிரபரணிக் கரையில் பல ஊர்களில் கரண்டும் இல்லை, போன் டவரும் இல்லை. அந்தப் பக்கம் பெண் கொடுத்தவர்கள், பேரன் பேத்தியை விட்டவர்கள் எல்லாம் அண்ணாச்சி வீட்டு வாசலில் நின்றார்கள். அவரிடம் பேட்டரி இருந்தது. செட் சரியாக இருந்தது. எஸ்டபிள்யூஆர் ஒன்றரைக்கும் கீழே. ராத்திரி முழுக்க "கேக்கா? கேக்கா?" என்று கூப்பிட்டார். அந்தப் பக்கம் கேட்கவும் ஆள் இல்லை, நடுவில் வாங்கிச் சொல்லவும் ஆள் இல்லை.

2004-ல் அந்தமானுக்குப் பொழுதுபோக்காகச் செட்டை எடுத்துப் போன ஹாம்காரர் பாரதி பிரசாத், சுனாமி வந்ததும் போர்ட் பிளேரிலிருந்து கரைக்குச் செய்தி சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் பேச்சைக் கேட்க இந்தியா முழுக்க ஹாம்கள் இருந்தார்கள். அண்ணாச்சியின் ரிப்பீட்டர், கேபிள், கம்பம், எர்த் எல்லாவற்றையும் நாம் பார்த்துவிட்டோம். அந்த ராத்திரிக்குக் கோளாறு அதில் எதிலும் இல்லை. ஊருக்கு ஒருத்தர் மட்டும் செட் வைத்திருப்பதுதான் கோளாறு.

ஆகவே கயத்தாறு, கடம்பூர், கோவில்பட்டி, ஸ்ரீவைகுண்டம் வட்டாரத்து இளவட்டங்களுக்கு ஒரு வேண்டுகோள். ஹாம் தேர்வுக்கு 12 வயசு ஆனால் போதும். முதல் படிக்கு மோர்ஸ் தந்தி அடிக்கத் தெரிய வேண்டியதில்லை. கொஞ்சம் மின்னணுவியலும் கொஞ்சம் விதிமுறையும் படித்தால் பாஸ் பண்ணலாம். எழுதுங்கள். சந்தேகம் வந்தால் சொல்லிக்கொடுக்க அண்ணாச்சி காத்திருக்கிறார், காசு வாங்க மாட்டார். உங்கள் வீட்டுச் செப்புக்குடத்தையும் மொட்டை மாடிச் சாவியையும் மட்டும் முதலில் எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள்.