பூவார் மீன்வண்டிகளின் டீசல் டாங்கு ஒழுகுவதில் மாநில எல்லையின் பங்கு: ஒரு முன்னாய்வு

நெய்யாறு கடலில் கலக்கும் பூவாரில் பழைய பிக்கப் வண்டிகளின் டாங்கு ஒழுகுகிறது. துருதான் காரணம் என்பர் மெக்கானிக்குகள். அது நுனிப்புல். மூலகாரணம் 1956 நவம்பர் 1 என்பதே இக்கட்டுரையின் துணிபு.

தன்மதம் நிறுவுமுன் பிறர்மதம் மறுத்தல் மரபு. வீட்டு முற்றத்தில் மூன்று மதங்கள் உள. சோப்பு மதத்தார் ஒழுகும் இடத்தில் பார் சோப்பைத் தேய்த்து அப்புவர். டீசலில் சோப்பு எளிதில் கரையாது. வண்டி சந்தை சேரும். மழையில் கரையும், பூவாருக்கோ ஆண்டுக்கு இரண்டு மழைக்காலம். எம்-சீல் மதத்தார் துருவைச் சுரண்டி, பிசுக்கைத் துடைத்து, காய்ந்த தகட்டில் ஒட்டச் சொல்வர். கொள்கை சரி. நடைமுறையில் ஈரத் தகட்டின் மேலேயே அப்புவர். மறுநாள் மருந்து சாலையில் கிடக்கும். மூன்றாமவர் வெல்டிங் மதத்தார்: “டாங்கு காலிதானே அண்ணே, ஒரு புள்ளி வச்சா தீர்ந்துச்சு.” இவர்களை மறுத்தால் போதாது, தடுக்கவும் வேண்டும். காலி டாங்கில் எரிபொருள் ஆவியும் காற்றும் கலந்து நிற்கும். அதற்குச் சூடோ பொறியோ பட்டால் வெடிக்கும். அந்த வேலை, டாங்கைக் கழற்றிக் கழுவி ஆவி போக்கத் தெரிந்த பட்டறைக்கே உரியது.

இனி தன்மதம். மீன்பெட்டியின் உப்புநீர் வடிந்து தகட்டை வெளியே அரிப்பது உண்மை. உள்ளே அரிப்பது எது? டாங்கில் டீசல் இல்லாத இடமெல்லாம் காற்று. காயலோரக் காற்றின் ஈரம், இரவில் குளிர்ந்த தகட்டில் முத்து முத்தாகப் படியும். டீசல் லிட்டருக்குச் சுமார் 830 கிராம், தண்ணீர் 1000. ஆகவே தண்ணீர் அடியில் தங்கித் தகட்டைத் தின்னும்.

டாங்கை நிரப்பியே வைத்தால் காற்றுக்கு இடமேது? இங்கேதான் வரலாறு குறுக்கிடுகிறது. 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு தாலுகா இன்றைய தமிழ்நாட்டின் பக்கம் போக, பூவார் அடங்கிய நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது. விளவங்கோட்டின் எல்லை ஊரான களியக்காவிளைப் பக்கம் டீசல் மலிவு. 2023 ஏப்ரலில் கேரளம் லிட்டருக்கு 2 ரூபாய் செஸ் போட்டது வேறு. எனவே பூவார்க்காரர் ஊரில் எல்லை தாண்டும் அளவுக்கே அடிக்கிறார். மீதியை நாளை அங்கே நிரப்பலாம் என்கிறார். நாளைய சவாரியோ கேரளத்துக்குள்ளேயே விழிஞ்ஞத்துக்கு வருகிறது. எல்லையால் விலை, விலையால் வெற்றிடம், வெற்றிடத்தால் ஈரம், ஈரத்தால் துரு, துருவால் சோப்பு.

பரிகாரம்: வாரம் ஒருமுறை, வண்டி ஓடாமல் நின்ற காலையில், டாங்கின் அடிநட்டைத் தளர்த்தித் தண்ணீரை வடிக்கவும்; ஃபில்டரிலும் வடித்து, கைப்பம்பை அடித்துக் காற்றெடுக்கவும்.

ஓர் ஆட்சேபம்: மலிவு டீசல் விற்கும் களியக்காவிளையிலேயே வண்டிகள் பாதி டாங்கோடு நின்று ஒழுகுகின்றனவே? ஆம். அங்கும் ஐந்நூறு ரூபாய்க்கு மேல் அடிப்பாரில்லை. அதன் காரணம் இரு மாநிலத்துக்கும் பொது. ஆதலால் இக்கட்டுரையின் எல்லைக்குள் வராது.