மாடித்தோட்டத்தின் பங்காளிகள்: ஓர் ஆய்வு

1. வரையறை

மொட்டைமாடியில் தொட்டியும் குரோ பேக்கும் வைத்து, காய்கறி பயிரிட்டு, விளைந்ததைப் பிறர் உண்ண விடுவது மாடித்தோட்டம் எனப்படும். அவ்வாறு உண்போர் பங்காளிகள். விதை, தென்னைநார்க் கழிவு, தண்ணீர், முதுகுவலி ஆகிய செலவினங்களில் பங்கேற்காமல் விளைச்சலில் மட்டும் உரிமை கோருவது இவர்களது பொது இலக்கணம். தோட்டக்கலைத் துறை மானிய விலையில் தரும் மாடித்தோட்டத் தளையில் பை, நார்க்கழிவுக் கட்டி, விதை முதலியன உண்டு; பங்காளிகள் தாமாகவே வந்து சேர்வர்.

2. வகைப்பாடு

பணிநேரத்தை வைத்துப் பங்காளிகளை மூவகையாகப் பிரிக்கலாம். சுண்டெலியும் வீட்டெலியும் இரவுப் பணியினர். அணிலும் கிளியும் பகல் பணியினர். மாவுப்பூச்சி, அசுவினி, வெள்ளை ஈ ஆகியவை இலையின் அடியிலேயே குடியிருந்து வேலை பார்ப்பதால் விடுப்பு எடுப்பதில்லை.

பெருச்சாளி தரையைத் தோண்டி வாழ்வது; மாடி ஏறும் வழக்கம் அதற்கு அவ்வளவாக இல்லை. மூஞ்சூறு எலிக் கணக்கில் தவறாகச் சேர்க்கப்பட்டுள்ளது. அது கொறிவிலங்கே அன்று. கரப்பானும் புழுவும் தின்று தோட்டத்துக்கு உதவுவது. பிள்ளையாரின் வாகனம் என்ற சிபாரிசு இருந்தும், எலிப்பொறியில் அது அடிக்கடி சிக்குகிறது.

3. தடயவியல்

எலி தின்ற தக்காளி பெரும்பாலும் செடியிலேயே தொங்கும். படிக்கட்டிலிருந்து பார்ப்பவருக்குத் தெரியும் பக்கம் சிவந்து, மெருகு குலையாமல் இருக்கும். திருப்பிப் பார்த்தால் தோலின் விளிம்பில் இரட்டைப் பல் கோடுகள். உள்ளே சதை இராது. அணில் அந்த அளவு பொறுமை காட்டுவதில்லை. பாதியைத் தின்று மீதியைக் கைப்பிடிச் சுவரில் வைத்துவிட்டுப் போகும்.

நேற்று ஊன்றிய வெள்ளரி, பூசணி விதைகள் இன்று காலை பிளந்த தோலாக மண்ணின்மேல் கிடந்தால், ஐயம் சுண்டெலியின் மேல் விழும். அதன் புழுக்கை 3 முதல் 6 மி.மீ. நீளமே இருக்கும், 12 மி.மீ. அளவில் இருந்தால் வந்தது வீட்டெலி.

காலம் பற்றிய விதி ஒன்றும் உண்டு. 'நாளைக்குப் பறிக்கலாம்' என்று உரிமையாளர் தீர்மானித்த காய் அன்றிரவே காலியாகும். இதற்கு மாயம் எதுவும் காரணமில்லை. பழுத்த வாசனை இரு தரப்புக்கும் ஒரே நாளில் எட்டுகிறது. தக்காளியோ நிறம் திரும்பத் தொடங்கியதும் பறித்து வீட்டுக்குள் வைத்தாலும் பழுக்கும். அன்றே பறித்தால் இவ்விதி செல்லாது.

4. அழைப்பிதழ்

பங்காளிகள் அழையாமல் வருவதாகக் கூறப்படுவது தவறு. கடலைப் புண்ணாக்கு, எலும்புத்தூள், மீன் அமிலம் ஆகிய மூன்றும் செடிக்கு உரம், எலிக்குப் பந்தி. மூடியில்லாத கம்போஸ்ட் வாளி, குருவிக்கு இறைத்த கம்பு, தட்டில் வைத்த தண்ணீர் ஆகியவை உபசரிப்பை நிறைவு செய்கின்றன. உரத்தை மண்ணுக்குள் புதைத்து மூடுவதும், வாளியின் காற்றுத் துளைகளுக்குக் கம்பி வலை அடிப்பதும், சிந்திய தானியத்தைப் பொழுது சாயுமுன் கூட்டுவதும் பந்தியைக் கலைக்கும் வழிகள்.

5. தற்காப்பு முறைகள்

மிளகாய்த்தூள்: இதன் காரம் பாலூட்டிகளுக்கு மட்டுமே உறைக்கும். எலியும் அணிலும் தயங்கும். பறவைகளுக்குக் காரமே தெரியாது என்பதால் கிளி தயங்காது. ஒருமுறை தண்ணீர் ஊற்றினால் முறையே கரைந்துவிடும்.

பொறி: மசால் வடை மரபான இரை. நான்கு வடை வாங்கினால் ஒன்று மட்டுமே பொறிக்குப் போய்ச் சேருவது வழக்கம். வீட்டெலிக்குப் புதுப் பொருளைக் கண்டால் சந்தேகம். ஆகவே சில இரவுகள் இரையை மட்டும் வைத்து, பொறியை விசையேற்றாமல் விட வேண்டும். எலிகள் சுவரோரமாகவே ஓடுவதால் பொறியின் இடமும் அதுவே. பிடித்ததை அடுத்த தெருவில் விடுவது முகவரி மாற்றம் மட்டுமே.

நஞ்சு: உண்ணும் காய்கறிக்கு அருகில் கூடாது. நஞ்சுண்ட எலியைத் தின்னும் ஆந்தைக்கும் பூனைக்கும் அது ஆபத்து. மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப்பசைக்குத் தமிழ்நாட்டில் தடை உண்டு.

பூனை: நார்க்கழிவு நிரப்பிய தொட்டியைக் கழிப்பறை என்றே கருதும். நாற்று பிழைப்பது அரிது. எனவே இதையும் பங்காளிகள் பட்டியலில் சேர்ப்பதே முறை.

கம்பி வலை: முறைகளுள் தலையாயது. சுண்டெலிக்கு 6 மி.மீ. இடைவெளியே வாசல், ஆகவே வலையின் கண்ணளவு அதைவிடச் சிறியதாக இருக்க வேண்டும். கொறிவிலங்குகளின் முன்பற்கள் ஆயுள் முழுதும் வளர்வதால் நைலான் வலை அவற்றுக்குத் தடையாகாது. விதை ஊன்றிய தொட்டியை நாற்று நிமிரும் வரையிலும், காய்க்கும் செடியை அறுவடை வரையிலும் மூட வேண்டும். பூவுக்குத் தேனீ வரும் பகலில் மட்டும் திறந்துவிடலாம். அணிலும் அந்நேரமே வரும் என்பது இம்முறையின் குறை.

பூச்சிகள்: ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மி.லி. வேப்ப எண்ணெயும் சிறிது சோப்புக் கரைசலும் கலந்து, மாலையில் இலையின் அடிப்பக்கம் நனையத் தெளிக்க வேண்டும். அசுவினியும் மாவுப்பூச்சியும் சுரக்கும் இனிப்புத் திரவத்துக்காக எறும்புகள் அவற்றுக்குக் காவல் நிற்கும். முதலில் காவலரை அகற்றினால் மற்றது எளிது. வெள்ளை ஈக்கு மஞ்சள் ஒட்டும் அட்டை.

6. பாகப்பிரிவினை

முழு வெளியேற்றம் இயலாது என்பதால் பிரிவினையே நடைமுறைக்கு உகந்தது. மிளகாய், புதினா, கறிவேப்பிலை ஆகியவற்றை எலியும் அணிலும் அதிகம் சீண்டுவதில்லை, அவை உரிமையாளருக்கு. தக்காளி, வெள்ளரி, நிலக்கடலை ஆகியவை வலைக்குள் இருக்கும்வரை உரிமையாளருக்கும், வலையை மூட மறந்த இரவில் மறுதரப்புக்கும் உரியன. வலை, பை, மண், வடை ஆகியவற்றின் விலையைக் கூட்டி ஒரு தக்காளியின் அடக்கவிலையைக் காண்பது இவ்வாய்வின் எல்லைக்கு வெளியே உள்ளது.