கும்மிடிப்பூண்டிக்கு இடம் பத்தவில்லை

கும்மிடிப்பூண்டி ரோலிங் மில்லில் 12 எம்எம் கம்பி என்றால் 12 எம்எம்தான் (தராசில் தெரிவது தனிக் கதை). அதே கம்பெனியின் இணையதளத்தில் வரிக்குள் சொல்லைச் சுற்றும் ஒரு ‘ஸ்பான்’ குறிக்கு 120 பிக்சல் அகலம் எழுதிப் பாருங்கள். பிரவுசர் காதிலேயே வாங்காது. ஸ்பான் போல வரியோடு ஓடும் இன்லைன் பேர்வழிக்கு அகலம், உயரம் செல்லாது என்பது பக்க வடிவமைப்பு மொழியான சிஎஸ்எஸ் சட்டம். பழைய இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் மட்டும் பழைய பாணிப் பக்கங்களுக்கான ‘க்விர்க்ஸ்’ நிலையில் கேட்டதைக் கொடுத்துவிட்ட தாராளப் பிரபு. ஸ்பானுக்கு இன்லைன்-பிளாக் போட்டால் சிக்கல் தீரும். ஃபயர்பாக்ஸுக்கு அது புரிய 2008 ஆனது.

அகலம் செல்லுபடியானாலும் தமிழுக்கு இன்னொரு வம்பு: விண்டோஸில் நிர்மலா எழுத்துரு, ஆண்ட்ராய்டில் நோட்டோ. எழுத்துருவுக்கு எழுத்துரு அகலம் வேறு. அகலத்தைக் கட்டிப்போட்டால் ‘திருவள்ளூர்’ பட்டனுக்குள் சமர்த்தாக உட்காரும். ‘கும்மிடிப்பூண்டி’யின் கடைசி ‘டி’ வெளியே தொங்கும். டிசைனர்களே, ஊர்ப்பெயருக்கு வித்த் (அகலம்) வேண்டாம், மின்-வித்த் (குறைந்தபட்ச அகலம்) போடுங்கள். பக்கவாட்டில் கொஞ்சம் பேடிங்கும் (உள் இடைவெளி) விடுங்கள்.