திறப்பு யாரிடம்?

எண்பதுகளில் நான் கணக்காய்வுத் திணைக்களத்தில் சேர்ந்தபோது என்னிடமிருந்த தொழில்நுட்பம் மூன்று: பச்சைப் பேனை, அடிமட்டம், சைக்கிள். சைக்கிள் சொந்தம்.

வலிகாமத்தில் ஓர் உள்ளூர்ச் சபைக்குத் திடீர்ப் பரிசோதனைக்குப் போவோம். திடீர் என்பது எங்கள் நம்பிக்கை. படலையடியில் நாங்கள் சைக்கிளை நிற்பாட்டும்போதே உள்ளே பிளேன்ரீ ஆறிக்கொண்டிருக்கும். பக்கத்தில் வெட்டிவைத்த கறுத்தக்கொழும்பான் மாம்பழம். பழத்தைத் தொடமாட்டோம். மணப்பதற்கு நிதிப் பிரமாணத்தில் தடையில்லை.

முதற் கேள்வி எப்போதும் ஒன்றுதான்.

"பெட்டகத் திறப்பு ஆரிட்டை?"

இரண்டு திறப்பு, இரண்டு உத்தியோகத்தர். ஒருவர் இல்லாமல் மற்றவர் திறக்கக்கூடாது. அங்கே இரண்டும் பிள்ளையார் படத்துக்குப் பின்னால் ஒரே ஆணியில் தொங்கின. "பிள்ளையார் பாத்துக்கொள்ளுவார் ஐயா," என்றார் காசாளரான சிறாப்பர். காசுக்குப் பொறுப்பானவர் பிணை வைக்கவேண்டும். பிள்ளையார் வைத்திருக்கிறாரா என்று கணக்காய்வு ஐயவினாவில் கேட்க ஆசைதான். பிள்ளையாருக்குப் பயந்து விட்டுவிட்டேன்.

உலகக் கணக்காய்வு நிறுவனங்களின் அமைப்பான இன்ரோசாய், கணினிக் கணக்காய்வுக்கென்று 1989 இலேயே ஒரு செயற்குழு அமைத்துவிட்டது. அந்த ஆண்டு எங்களுக்குப் போருக்குள் கந்தோருக்குப் போய் முழுசாகத் திரும்புவதே சாதனை. அடுத்த ஆண்டு மின்சாரமும் போனது. ஜாம் போத்தல் விளக்கில் காசேடு கூட்டினோம். கூட்டுத்தொகை பிழைத்தால் கண்ணைச் சந்தேகிப்பதா, கிளாக்கரைச் சந்தேகிப்பதா என்று தெரியாது.

2002 இல் ஏ9 பாதை திறந்தபின் சபைக்கும் கொம்பியூட்டர் வந்தது. சந்தனம் குங்குமம் வைத்து, துணி போர்த்தி, குளிரூட்டிய அறையில் இருத்தினார்கள். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போனோம். எங்கள் ஆய்வு முறை எளிது: எல்லாவற்றையும் அச்செடுத்துத் தரச்சொல்லி, பச்சைப் பேனையால் சரி போடுவது. நல்லூரில் வெளிவீதியை மட்டும் சுற்றிவிட்டு மூலஸ்தானம் கண்டதாகச் சொல்வதுபோல. அதுவரை "கறையான் திண்டிட்டுது" என்றவர்கள் "சிஸ்ரம் அப்பிடித்தான் காட்டுது" என்றார்கள். கறையானையாவது நாங்கள் நேரில் பார்த்திருக்கிறோம்.

பிறகு பயிற்சிகள் வந்தன. இந்தியக் கணக்காய்வுத் துறை 2002 இல் நொய்டாவில் தொடங்கிய மையத்துக்குப் போய்வந்த ஒருவர் எங்களுக்கு வகுப்பெடுத்தார். அணுகல் கட்டுப்பாடு, கடமைப் பிரிப்பு, பதிவுத்தடம். நான் கொப்பி நிறைய எழுதினேன். வாசித்துப் பார்த்தால், முழுக்கத் திறப்பும் ஆணியும்.

2018 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கத் தேசிய கணக்காய்வுச் சட்டம் வந்து, திணைக்களம் தேசிய கணக்காய்வு அலுவலகமாகியது. பெயர்ப்பலகை மாறிய கையோடு அதே சபைக்குப் போனேன், ஓர் இளம் உத்தியோகத்தரோடு. பிளேன்ரீ அப்படியே. மாம்பழத்துக்குப் பதில் வைபை. அந்தப் பிள்ளை ஒரு தாளும் கேட்கவில்லை. தரவை மடிக்கணினியில் ஏற்றிப் பத்து நிமிடம் தட்டினாள்.

"சேர், போன வருசம் பென்சனில போனவர் இந்தப் போயாவுக்கு இரவு பத்து மணிக்கு வவுச்சர் அங்கீகரிச்சிருக்கிறார்."

பிறகு கிளாக்கரிடம் திரும்பினாள். "பாஸ்வேட் ஆரிட்டை?"

அவர் கீபோட்டைத் தூக்கிக் காட்டினார். அடியில் ஒட்டிய துண்டில் இரண்டும் இருந்தன: தயாரிப்பவருடையது, அங்கீகரிப்பவருடையது. "பெரியவைக்கு நேரமில்லை மிஸ். வீட்டிலயிருந்து நான்தான் ரெண்டையும் போடுறனான்." சுவரில் பிள்ளையார் அதே இடத்தில்தான் இருந்தார், பொறுப்பிலிருந்து மட்டும் விடுவிக்கப்பட்டிருந்தார்.

நான் ஓய்வுபெற்றபின், 2023 ஓகஸ்டில், அரசாங்கத்தின் மேகக் கணினியில் தாக்குதல் நடந்தது. மே 17 தொடக்கம் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் மீளவில்லை. அமைச்சரவை அலுவலகத்தினுடையவையும் அதில் சேர்த்தி. சுமார் ஐயாயிரம் முகவரிகள். அந்தக் காலத்துக்குக் காப்புப் பிரதி இல்லை. செய்தியை வாசித்தபோது எனக்கு அந்தச் சபையின் பழைய பெரிய கிளாக்கர் ஞாபகம் வந்தார்.

1995 ஒக்ரோபர் 30. வலிகாமமே இடம்பெயர்ந்து செம்மணி வழியாகத் தென்மராட்சிக்கு நடந்த மழை இரவு. சனம் சட்டி பானை கட்டியது. அவர் சபையின் பேரேடுகள் ஏழையும் உரப்பையில் சுற்றிச் சைக்கிள் கரியரில் கட்டிக் கொடிகாமம் கொண்டுபோனார். அடுத்த ஆண்டு திரும்பி வந்தபோது சபைக் கட்டடத்துக்குக் கூரையில்லை. நான் கடமை தவறாதவன், ஐயவினா அனுப்பினேன்: "அனுமதியின்றிப் பதிவேடுகளை அலுவலகத்துக்கு வெளியே கொண்டுசென்றமைக்கு விளக்கம் தருக."

அவர் ஒரு வரியில் பதில் தந்தார்: "பதிவேடு இருக்கிறது, அலுவலகம்தான் இல்லை."

திருப்தியற்ற பதில் என்று பச்சைப் பேனையால் எழுதிவைத்தேன்.