மீன் சந்தை வாசலில் ஆர்தர் தொரை

இராவணா எல்ல அருவிப் பக்கத்துக் குகையில்தான் இராவணன் சீதையை ஒளித்து வைத்தானாம். கொஸ்லந்தக்காரருக்கு இது பக்கத்து ஊர் வம்பு. எல்லக்காரர் ஒரு ரோட்டால் வெல்லவாயவுக்கு இறங்குகிறார்கள், நாங்கள் இன்னொரு ரோட்டால். ஆகவே எவன் பெண்டாட்டியை எவன் தூக்கிப்போய் எங்கே வைத்தான் என்பதில் எங்களை யாரும் ஏமாற்ற முடியாது. இத்தாலியின் மொடேனா பேராலயத்திலும் அதே வழக்குத்தான்.

1099இல் கட்டத் தொடங்கிய கோயில். வடக்குப் பக்கம் ஒரு வாசல், பெயர் மீன் சந்தை வாசல். அதன் வளைவில் 1120க்கும் 1140க்கும் இடையில் எவனோ ஒரு சிற்பி ஆர்தர் ராசா கதையைச் செதுக்கிவிட்டான். நடுவில் கோட்டை. உள்ளே வின்லோஜி. ஆர்தர் பெண்டாட்டி கினிவியர் இவள்தான் என்கிறார்கள். கூடவே மார்தோக், அடைத்து வைத்த ஆள். எங்கள் ஆளுக்குப் பத்துத் தலை. எல்லோராச் சிற்பத்தில் கைலாசத்தை ஆட்டுகிறவன் யாரென்று எவனும் எழுதி வைக்கவில்லை. மார்தோக்குக்கு ஒரே தலை, பாவம், பேரைப் பொறிக்க வேண்டியதாயிற்று.

இடது பக்கம் பெரிய தொரை ஆர்தரே ஈட்டியோடு பாய்கிறார். எதிரே புர்மால்தஸ். குதிரை கிடையாது, கையில் பிக்காசு மாதிரி ஒன்று. கான் வெட்டிக்கொண்டிருந்தவனை யாரோ பிடித்துக் காவலுக்கு நிறுத்திவிட்டார்கள். ஆர்தரோடு வந்தவர்களில் இஸ்தெர்னுஸுக்குப் பேர் உண்டு, இன்னொருவனுக்கு இல்லை. அத்தனை தூரம் குதிரை ஓட்டியும் அன்றைக்கு அவனுக்குப் பேர் விழவில்லை.

வலது பக்கம் ஆர்தர் ஆட்களில் கல்வாகின் ஒருவன்தான் மோதுகிறான். பின்னால் இரண்டு பேர் ஈட்டியைத் தோளில் சாத்திக்கொண்டு சாவகாசமாக வருகிறார்கள். அதில் ஒருவன் கே, ஆர்தர் அரண்மனையில் கணக்கப்பிள்ளை உத்தியோகம். அவன் ஏன் பின்னால் வருகிறான் என்று தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவனுக்குச் சொல்ல வேண்டாம். ஆர்தர் கதை வீரன் லான்சிலாட்டை இங்கே தேடாதீர்கள், பிரெஞ்சுக் கவிஞர் கிரெத்தியான் அவனைப் பெரிய ஆளாக்க இன்னும் சில பத்தாண்டுகள் இருக்கின்றன.

வின்லோஜி என்ன நினைத்தாள் என்று யாரும் கேட்கவில்லை. ஆனால் மீட்டு வந்தபின் தீக்குள் இறங்கச் சொல்லும் கட்டம் வருவதற்குள் வளைவு முடிந்துவிட்டது. சீதைக்கு அந்த அதிர்ஷ்டமும் இல்லை.

இந்தத் தொரைமார் அத்தனை பேரையும் தாங்கி நிற்கும் வாசல் நிலைகளில் பன்னிரண்டு மாதத்துக்கும் வேலை செதுக்கியிருக்கிறது. ஒருவன் கதிர் அறுக்கிறான், ஒருவன் திராட்சை மிதிக்கிறான். ஒருவன்கூட நிமிர்ந்து சண்டையைப் பார்க்கவில்லை. நிலைகளுக்கு மேலே உத்தரத்தில் இரண்டு சேவல்கள் செத்த நரியைப் பாடையில் தூக்கிப் போகின்றன. நரி சாகவில்லை. பார்க்கிற நமக்கு அது தெரிகிறது, சுமக்கிற சேவல்களுக்குத்தான் தெரியவில்லை.